கடைக்காப்பில் வந்த பெயர்

இதை நான் புனைந்து எழுதவில்லை. புனைவது எனக்கு வராது. முன்னோர் பாடிவைத்த பண்களை எழுத்துப் பிசகாமல் பாடுவதும், கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுப்பதுமே என் வாழ்க்கை. நானாகக் கட்டியது ஒரே ஒரு பதிகம். அதைக் கட்டியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

நடந்தது ஈப்போவில். மருத்துவமனையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே யார் மீதும் குற்றமில்லை. நான் பார்த்ததையும், என் கை உணர்ந்ததையும் மட்டும் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

குழந்தைகள் வார்டில் தாதியாக இருக்கும் மாதுமை என்னிடம் பண்ணிசை படித்தவள். ஊசியைக் கண்டாலே அலறும் பிள்ளைகளை அடக்கிப் பிடித்துப் பிடித்து அவள் மனம் சலித்திருந்தது. ஒரு நாள் கோயில் வாசலில் என்னை நிறுத்தினாள்.

"கௌரி அக்கா, ஊசி போடுற நேரம் வந்து பாடுவீங்களா? ஃபோன்ல பாட்டுப் போட்டுப் பார்த்தாச்சு. பிள்ளைகள் ஃபோனைத் தூக்கி எறியுதுகள்."

"என்னையும் தூக்கி எறிஞ்சால்?"

"உங்களைத் தூக்க ஆள் பத்தாது, அக்கா."

அப்படித்தான் போனேன்.

பெரிய பாடல்கள் நோயுற்ற குழந்தைக்குச் சுமையாகும் என்று அஞ்சி, எளிய சொற்களால் முருகன் மேல் ஒரு பதிகம் கட்டினேன். பத்துப் பாட்டு, குறிஞ்சிப் பண். பதினோராவதாகக் கடைக்காப்பு. பதிகத்தை முடித்துவைக்கும் அந்தச் செய்யுளில் பாடியவர் தம் பெயரைப் பொறிப்பது மரபு. நான் என் பெயரை வைக்கவில்லை. கட்டிலில் கிடக்கும் குழந்தையின் பெயரை வைத்துப் பாடினேன்.

மயிலேறும் பெருமானை மனத்தில் வைத்துப்
பயிலாத வலிபொறுத்த தினேஸ்வ ரிதான்
துயில்நீங்கித் துயர்நீங்கித் தாயின் கையில்
அயில்வேலன் அருளாலே எழுந்தாள் அம்மா.

பிள்ளைகளோடு எனக்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. கட்டிலின் ஓரத்தில் என் உள்ளங்கையை விரித்து வைப்பேன். பிள்ளை தன் கையால் அதில் தாளம் போட வேண்டும். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மறுபடி ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மனம் அந்தக் கைக்குப் போய்விட்டால் ஊசி ஏறும் கை தனித்துவிடும். மூச்சும் தாளத்தோடு சீராகும். ஊசி வெளியே வந்த பிறகே கடைக்காப்பு பாடுவேன். ஒருமுறைகூட முன்னதாகப் பாடி ஏமாற்றியதில்லை. தன் பெயரைக் கேட்டால் எழுந்துகொள்ளலாம். அதுவரை அசையக் கூடாது.

ஊசி வெளியே வந்ததை நான் பார்ப்பதில்லை. கண்ணைத் திறந்துகொண்டு பாட எனக்கு வராது, சிறுவயதுப் பழக்கம். மாதுமை என் தோளைத் தொடுவாள். அதுவே அடையாளம்.

தினேஸ்வரிக்கு ஏழு வயது. இரத்தப் புற்று. அவளுடைய தாய் ஷாமினி, சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு வந்து குடியேறிய குடும்பத்துப் பெண், தொழிற்சாலையில் வேலை. முதல் நாளே அந்தப் பிள்ளை என்னிடம் பேரம் பேசினாள்.

"டீச்சர், எம் பேரப் பாடினப்புறமும் ஊசி உள்ளயே இருந்தா?"

"இராது, பிள்ளை."

"இருந்தா ஐஸ் கச்சாங் வாங்கித் தரணும்."

"ஓம், வாங்கித் தாறன்."

"ரெண்டு."

"அப்படியே அவ மாமா," என்றாள் ஷாமினி. "ஊசியில கூட லாபம் பாப்பா."

தாளத்தை அவள் உடனே பிடித்துக்கொண்டாள். ஆனால் வீச்சு வரும் இடத்தில் கையைத் திருப்பாமல், நகத்தால் என் உள்ளங்கையை இருமுறை சுரண்டுவாள். எனக்குக் கூசும். என் குரல் நடுங்கும். அவளுக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்குள் ஊசி ஏறி இறங்கிவிடும்.

கையில் போடும் ஊசிக்கு இது போதும். முதுகில் போடும் ஊசி வேறு. தண்டுவடத்து நீரை எடுத்து, அங்கேயே மருந்தையும் செலுத்த வேண்டும். குழந்தை இறால்போலச் சுருண்டு, கல்லாகக் கிடக்க வேண்டும். முதல் முறை துள்ளிவிட்டாள். ஊசியை எடுத்துவிட நேர்ந்தது. நெஞ்சில் சளி கட்டியிருந்ததால் மயக்க மருந்தும் கொடுக்க முடியவில்லை. தோலை மரக்க வைக்கும் மருந்து மட்டும்தான்.

"இந்தத் தடவையும் தவறினா ட்ரீட்மென்ட் தள்ளிப் போகும்," என்றார் டாக்டர் யுகேந்திரன். "தள்ளிப் போடுற நிலைமையில அவ இல்ல. உங்க பாட்டத்தான் நம்பியிருக்கேன், டீச்சர்."

அன்று பிற்பகல். மழை பிடித்திருந்தது. சன்னலுக்கு அப்பால் கிளேடாங் மலை மறைந்துபோயிருந்தது. அறையில் விளக்குகள் எல்லாம் எரிந்தன.

தினேஸ்வரி ஒருக்களித்துச் சுருண்டாள். ஷாமினி எதிரே குனிந்து, மகளின் இரு கைகளையும் தன் கைகளுக்குள் இறுக்கிக்கொண்டாள். நான் தலைமாட்டில் முக்காலியில் அமர்ந்தேன். அன்று தாளம் போட அவளுக்குக் கையில்லை. ஆயினும் பழக்கத்தால் உள்ளங்கையைக் கட்டிலின் ஓரத்தில் விரித்து வைத்தேன்.

"பேரு வர்ற வரைக்கும் அசையக் கூடாது. நினைவிருக்கா?"

"தெரியும் டீச்சர். பேசாம பாடுங்க."

கண்களை மூடினேன். பாடினேன்.

மூன்றாம் பாட்டில் ஒரு கை என் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது.

சிறிய கை. குளிர்ந்திருந்தது. பாவம், தாயின் பிடியிலிருந்து ஒரு கையை உருவிக்கொண்டாள் போலும் என்று எண்ணினேன். தாளமும் போட்டது. ஆனால் விரல் எண்ணவில்லை. சுரண்டவும் இல்லை. தட்டு... தட்டு... தட்டு... தட்டு. தாளம் படிக்காத ஒருத்தி தண்ணீர் வாளியைத் தட்டுவதுபோல ஒரே சீராக.

அச்சத்தில் விரல்கள் மறந்துவிட்டன என்றே நினைத்தேன்.

ஆறாம் பாட்டில் அந்தக் கையை மெல்ல மூடிப் பார்த்தேன். தோல் சொரசொரத்தது. ஏழு வயதுப் பட்டணத்துப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய கையன்று. விரலிடுக்கில் ஏதோ பிசுபிசுத்து உலர்ந்திருந்தது. மருந்து வாடைக்குள் வேறொரு வாடை வந்தது. புளித்த ரப்பர்ப் பால்.

தோட்டத்தில் பிறந்தவர்கள் அந்த வாடையை மறக்க மாட்டார்கள். என் தந்தையார் தோட்டப் பள்ளி ஆசிரியர். நானும் அறிவேன்.

பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் துள்ளுவாள்.

மாதுமை என் தோளைத் தொட்டாள். ஊசி வெளியே வந்துவிட்டது. கடைக்காப்பைத் தொடங்கினேன்.

மயிலேறும் பெருமானை மனத்தில் வைத்துப்
பயிலாத வலிபொறுத்த... நவமணிதான்.

என் நாவிலிருந்துதான் வந்தது. என் குரலில்தான் வந்தது. அந்தப் பெயரில் எனக்கு ஒருவரையும் தெரியாது.

கை போய்விட்டது.

கண்களைத் திறந்தேன். என் உள்ளங்கை வெறுமையாக விரிந்திருந்தது. தினேஸ்வரியின் இரு கைகளும் தாயின் கைகளுக்குள் இருந்தன. தொடக்கத்தில் இருந்தபடியே.

"கையை விட்டனீங்களா, ஷாமினி?"

"இல்லையே டீச்சர். பாருங்க, என் விரலே மரத்துப் போச்சு."

டாக்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "ஒரு மில்லிமீட்டர் அசையல! கிளாஸ் லா!" என்றார். மாதுமை மட்டும் என்னைப் பார்த்தாள். "நவமணி யார், அக்கா?" என்று காதோரம் கேட்டாள். நாப்பிசகு என்றேன்.

அப்போது கட்டிலில் இருந்தவள் கண் விழித்தாள். விளக்குகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தன்மேல் குனிந்து நின்ற ஷாமினியை நீண்ட நேரம் பார்த்தாள்.

"அம்மா எங்க?" என்றாள்.

"இங்கதான்டி இருக்கேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுவாரம் இரத்தம் எடுக்க அழைத்து வந்தார்கள். ஷாமினியின் முகம் வாடியிருந்தது. மருந்தின் விளைவாக இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் குந்துகிறாள். கைப்பேசியைக் கையில் கொடுத்தால் கீழே வைத்துவிட்டு விலகி நிற்கிறாள். விடியும் முன்னே எழுந்து, வாளி எங்கே என்று கேட்கிறாள்.

"சோறு?"

"அது மட்டும் நல்லாத் தின்றா, டீச்சர். எத்தனை நாளாப் பட்டினி கிடந்த மாதிரி."

மாதுமை ஊசியோடு வந்தாள். பிள்ளை தானாகவே கையை நீட்டினாள்.

"வலிக்குமா மிஸி?"

மாதுமை சிரித்துவிட்டாள். "மிஸியா? அது எங்கட அம்மம்மா காலத்துப் பேச்சு. இப்ப எங்களை யாரும் அப்படிக் கூப்பிடுறதில்லையே."

நான் அருகே அமர்ந்து கையை விரித்தேன். "பாடவா, பிள்ளை?"

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு என் கண்களை.

"அதான் முடிச்சிட்டீங்களே," என்றாள்.

ஊசி ஏறியது. இரத்தம் குழாயில் நிறைந்தது. அவள் இமைகூட அசையவில்லை. பாட்டு தேவைப்படாத முதல் குழந்தை. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று அந்தி. வீட்டில் விளக்கேற்றிப் பாட அமர்ந்தேன். கண் மூடி, மடியில் கை விரித்து, முதல் அடியைத் தொடங்கியதும்...

ஒரு தட்டு.

சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல்.

ஒரு தட்டு.

பிறகு, நகத்தால் இருமுறை சுரண்டல்.

பாட்டை நிறுத்தினேன். கண்களைத் திறந்தேன். விளக்குச் சுடரும் நானும்தான் இருந்தோம். மறுபடி கண் மூடிப் பாடினேன். மறுபடி வந்தது. தட்டு, விரல், விரல், விரல். சுரண்டல். இப்போது அதில் விளையாட்டு இல்லை. அவசரம் இருந்தது. இருட்டில் கதவைத் தட்டும் பிள்ளையின் அவசரம்.

அசையாமல் கிடப்பதாக அவள் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். பெயர் வரும் வரை. அவளுடைய பெயரை நான் இன்னும் பாடவில்லை.

கடைக்காப்பைப் பாடிவிட வாயெடுத்தேன். பாடவில்லை. பாடினால் அவள் எங்கே எழுவாள்? அவளுடைய உடல் சுவரோரம் குந்திச் சோறு தின்றுகொண்டிருக்கிறதே.

மறுநாள் காலை ஒருவர் வாசலில் நின்றார். ஷாமினியின் அண்ணன் ஜெயபாலன். பள்ளி வேன் ஓட்டுபவர். தினேஸ்வரிக்குப் பேரம் பேசக் கற்றுக்கொடுத்த மாமா. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. முதுகுல ஊசி போட்ட அன்னிக்கு நான் கதவுக்கு வெளிய நின்னேன். கடைசிப் பாட்டுல ஒரு பேரு சொன்னீங்க."

"ஓம். நவமணி."

அவர் சட்டென்று கையை உயர்த்தினார், மேலே சொல்ல வேண்டாம் என்பதுபோல.

"அந்தப் பேரு உங்களுக்கு எப்படி வந்துச்சு? ஷாமினிக்கே தெரியாது. எனக்கே எங்கம்மா சாகக் கிடந்தப்பதான் சொன்னாங்க. அதுவும் காதுல."

"யார் அது?"

"எங்கம்மாவோட அக்கா. ஏழு வயசுல போயிட்டாங்க. மெர்டேக்காவுக்கு அடுத்த வருஷம், அம்பத்தெட்டுல. காய்ச்சல்னு தோட்டத்து லாரியில ஈப்போவுக்குக் கொண்டாந்தாங்க. முதுகுல ஊசி போடணும், அசையாம கெடன்னு சொல்லிட்டு அவங்கம்மா வெளிய நின்னாங்களாம். அது அசையவே இல்ல. அப்புறமும் அசையல."

வெளியே அவருடைய வேன் நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"வெளிய செத்த பிள்ளைய லயத்து வீடுகளுக்குள்ள கொண்டார மாட்டாங்க, டீச்சர். தோட்டத்துக் கட்டுப்பாடு. பேரும் சொல்லக் கூடாது. சொன்னா அதுக்கு வீட்டுக்கு வழி தெரிஞ்சிருமாம். அன்னைலேருந்து எங்க வீட்ல ஒருத்தரும் சொன்னதில்ல."

"நான் சொல்லிவிட்டேன்."

"ஆமா. ராகம் போட்டே சொல்லிட்டீங்க."

அவர் கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"முந்தாநேத்துச் சுங்காய்ப் பக்கம் வேலையாப் போனேன். பிள்ளையையும் ஏத்திக்கிட்டுப் போனேன். பழைய தோட்டத்தத் தாண்டுறப்ப, 'இங்கதான், எறக்கி வுடு'ங்குது. எண்ணெய்ப்பனைக் காடு, டீச்சர். ஒண்ணுமே இல்ல. மரத்துக்கு ஊடால விறுவிறுன்னு போயி ஒரு எடத்துல நிக்குது. 'கதவு எங்க?'ங்குது. அங்க வீடே இல்லையே லா! நான் பொறந்தப்பவே இல்ல!"

அவர் வேனை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"அது யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும். எங்க பிள்ள எங்க, டீச்சர்?"

நான் என் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு மெல்லிய சிவந்த கோடுகள் இருந்தன. நகக்கீறல்.

அவர் அதைப் பார்த்தார். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த முதுகு ஊசி வந்தது. அதே அறை. அதே கட்டில். நல்ல வெயில், மலை தெளிவாகத் தெரிந்தது. அச்சத்துக்கு உரிய பொழுதே அல்ல அது. ஆனால் எனக்கு அந்தக் காலைப்பொழுதைப் போல் அச்சமூட்டிய இரவு ஒன்றும் இல்லை.

ஷாமினிக்கு எதையும் சொல்லவில்லை. ஜெயபாலன் கதவருகே நின்றார். நான் விடியுமுன்னே நீராடி, நீறு பூசி, உண்ணாமல் வந்திருந்தேன்.

பிள்ளை சுருண்டு படுத்தாள். யாரும் சொல்லாமலே.

"பாட்டு வேணாம்," என்றாள்.

"டீச்சர் பாடட்டும், கண்ணு," என்றார் டாக்டர்.

"வேணாம்."

கண்களை மூடினேன். முதல் பாட்டைத் தொடங்கினேன்.

தட்டு. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல்... அவள் வந்துவிட்டாள். விரல்கள் பனிபோல் இருந்தன. முன்னைவிட மெலிந்திருந்தன. சுரண்டல் வெறும் உரசலாகத் தேய்ந்திருந்தது. இனி அதிக நாள் தாங்காது என்று எனக்குப் புரிந்தது.

பாடினேன். ஐந்து. ஆறு. ஏழு.

எட்டாம் பாட்டில் ரப்பர்ப் பால் வாடை எழுந்தது.

ஒன்பதில் என் முகத்தருகே மூச்சு.

பத்து முடிந்தது. மாதுமை தோளைத் தொடவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். என் கையில் அந்த விரல்கள் தடுமாறின. ஒரு தட்டு விட்டுப்போனது. இரண்டு விட்டுப்போயின.

"போகாதே," என்றேன். பாட்டுக்குள்ளேயே சொன்னேன்.

தோளில் மாதுமையின் விரல்.

கடைக்காப்பு.

மயிலேறும் பெருமானை மனத்தில் வைத்துப்...

அப்போது என் வாய்மேல் ஒரு கை பொத்தியது.

சிறிய கை. சொரசொரப்பான கை. பிசுபிசுப்பு என் உதட்டில் ஒட்டியது.

கண் திறக்கவில்லை. திறந்திருந்தால் இன்று இதை எழுதியிருக்க மாட்டேன்.

பயிலாத வலிபொறுத்த...

நாவில் ந-கரம் வந்து நின்றது. பல்லைக் கடித்தேன். அது தானாக எழ முயன்றது.

காதருகே ஒரு குரல். கெஞ்சும் குரல்.

"இன்னும் கொஞ்ச நாளு..."

அழுகை வந்தது எனக்கு. அதுவும் ஒரு குழந்தைதானே. அதுவும் அசையாமல் கிடந்த குழந்தைதானே.

என் உள்ளங்கையில் தட்டு நின்றுவிட்டது.

முருகா...

பாடினேன்.

தினேஸ்வரிதான்.

கை விலகியது.

எதிரே ஓர் அலறல்.

"வலிக்குது! ம்மா! வலிக்குது!"

"எழும்பாதே, எழும்பாதே," என்று மாதுமை பாய்ந்து பிடித்தாள். "ஊசி எடுத்தாச்சு, முடிஞ்சுது!" பிள்ளை தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குரல் கிழிய அழுதாள். அத்தனை நாள்களில் முதல் அழுகை. ஷாமினியும் அழுதாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது. ஜெயபாலன் கதவுப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அழுகை அடங்கியதும் பிள்ளை என்னைத் தேடினாள். கோபமாக.

"டீச்சர், எவ்ளோ நேரமாப் பாடுவீங்க? ரொம்ப இருட்டா இருந்துச்சு. ஐஸ் கச்சாங் ரெண்டில்ல, மூணு."

நடுவில் கழிந்த நாள்கள் எவையும் அவளுக்கு நினைவில்லை. மழை எப்போது விட்டது என்று கேட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். கோயிலில் ஒரு விளக்கேற்றிவிட்டு வாய் மூடியிருப்பேன்.

மூன்றாம் நாள் டாக்டர் யுகேந்திரன் என்னை அழைத்தார். நவமணியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இன்றுவரை தெரியாது.

"டீச்சர், ஒரு சின்ன விஷயம். போன வாரம் தினேஸ்வரிக்கு ரத்தம் எடுத்தப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல?"

"இருந்தேன்."

"வேற ஏதாவது பிள்ளை அறையில இருந்துச்சா?"

"இல்லை. அவள் மட்டும்தான்."

"அதான் புரியல. ரிப்போர்ட் இன்னைக்குத்தான் என் கைக்கு வந்துச்சு, குழாய் மாறிப் போச்சுன்னு நினைக்கிறேன். ஏன்னா அது அவ ரத்தமே இல்ல. ரத்த வகை வேற. புற்றணு ஒண்ணுகூட இல்ல. இன்னைக்கு மறுபடி எடுத்துப் பார்த்தோம். இது அவளோடதுதான், பயப்பட ஒண்ணுமில்ல."

நான் என் உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.

"ஆனா அந்தப் பழைய ரத்தம் முழுக்க மலேரியாக் கிருமி, டீச்சர். இத்தனை வருஷத்துல ஈப்போப் பிள்ளை ஒண்ணுகிட்டயும் நான் இப்படிப் பார்த்ததில்ல. மூளைக்கு ஏறியிருக்கும். இந்த நிலையில ஒரு பிள்ளை எழுந்து உட்காரவே முடியாது."

குழாயில் அந்த இரத்தம் நிறைவதை நான் பார்த்தேன். நீட்டிய அந்தக் கையைப் பார்த்தேன்.

"வார்டு வார்டாத் தேடிக்கிட்டிருக்கோம்," என்றார் அவர். "எந்தப் பிள்ளைன்னு தெரியல. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வந்தா உடனே சொல்லுங்க, டீச்சர். மருந்து கொடுக்கலன்னா செத்துரும்."